திண்ணை போன திருவல்லிக்கேணி

பிறந்து வளர்ந்த பேட்டையை நெடுங்காலம் பிரிந்திருந்து திரும்பி வருகிறவன், கண்டதையெல்லாம் பழித்துக் காணாததையெல்லாம் புகழ்வது உலக வழக்கம். அவ்விதப் புலம்பலில் நமக்குச் சம்மதமில்லை. ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள் எழுவதும், ஒரு குடும்பம் வசித்த மனையில் பத்துக் குடும்பங்கள் வசிப்பதும், ஜனத்தொகை பெருகும் பட்டணத்தில் இயற்கையே. ஆயினும் கட்டடங்கள் மாறும்போது அவற்றோடு சேர்ந்து நம் கையை விட்டு நழுவிப் போவது யாது என்று விசாரிப்பது பிரஜைகளின் கடமை. சமீபத்தில் திருவல்லிக்கேணிக்குச் சென்று வந்த எனக்கு இவ்விசாரணை அவசியமென்று தோன்றிற்று.

1970-ம் வருஷத்தில் உத்தியோகத்தின் பொருட்டு வடநாடு சென்றவன் நான். இப்போது வந்து இறங்கியது பறக்கும் ரயிலில். 1997-ல் மயிலை வரையில் நீட்டப்பட்ட அந்தப் பாதையின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயின் வயிற்றிலேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போய்வந்த கால்வாய் அது. இன்று அதில் ஓடுவது சாக்கடை. பைகிராப்ட்ஸ் ரோடு பாரதி சாலை ஆகியிருக்கிறது; இம்மாறுதலை எந்தத் தேசாபிமானியும் குறை சொல்லமாட்டான். தெருவுக்குத் தெரு ‘மேன்ஷன்’ என்னும் பிரமசாரிகளின் விடுதிகள் நிறைந்திருக்கின்றன. பார்த்தசாரதி கோயிலின் மணியோசை மாறவில்லை. 1795-ல் கட்டப்பட்ட வாலாஜா மசூதியில் ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறப்போருக்குச் சிந்தி இந்துக்கள் தொண்டு மனப்பான்மையோடு உணவு பரிமாறும் வழக்கமும் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. இவை மனத்துக்கு ஆறுதல் அளிப்பவை.

நான் தேடிச் சென்றது ஒரு திண்ணையை. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில், தெருவை நோக்கி இரு புறமும் வழவழவென்று தேய்ந்த திண்ணைகள் இருந்தன. அங்கே ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பார். கண் பார்வை மங்கியவர். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவது என் வேலை. 1907-ல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது மாணவராயிருந்து மணலில் உட்கார்ந்து கேட்டவர் அவர். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரக நாட்களில் அதே மணலில் தடியடி பட்டவர். நான் ஒரு செய்தியைப் படித்து முடித்ததும், “யார் சொன்னது? அதனால் யாருக்கு லாபம்? நாம் செய்ய வேண்டியது என்ன?” என்று மூன்று கேள்விகள் கேட்பார். பதில் சொல்லாமல் அடுத்த செய்திக்குப் போக முடியாது. வழியே போகும் பால்காரரும், வாத்தியாரும், கடைக்காரரும் நின்று தத்தம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் அழைக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

இதை அற்ப விஷயமென்று எண்ணலாகாது. இப்பேட்டையின் பெருமையெல்லாம் இவ்விதம் கூடிப் பேசியதிலிருந்து பிறந்ததே. ஹைகோர்ட்டு நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் இகழ்ந்தபோது, அதைப் பொறாத திருவல்லிக்கேணி இளைஞர் ஆறு பேர் 1878-ல் 80 பிரதிகள் அச்சிட்டுத் தொடங்கியதுதான் ‘ஹிந்து’ பத்திரிகை. அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் ‘சுதேசமித்திர’னை ஆரம்பித்தார். 1904-ல் இங்கு நிறுவப்பட்ட கூட்டுறவுப் பண்டகசாலை நம் தேசத்துக் கூட்டுறவு முயற்சிகளுக்கு முன்னோடியாயிற்று. பெருஞ்செல்வம் இவற்றுக்கு மூலதனமன்று. அண்டை அயலார் ஒருவரோடொருவர் பேசிப் பழகிய நம்பிக்கையே மூலதனம்.

பேட்டைக்குக் கிழக்கே உள்ள கடற்கரை ஊருக்கெல்லாம் பொதுவான பெருந்திண்ணை. 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து ஜனங்கள் திரண்டதும் அங்கேதான். மணலில் உட்காருவதற்கு வாடகையில்லை, சிபாரிசு வேண்டியதில்லை. ஏழையும் தனவந்தனும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

எதிர்வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி மேன்ஷன் நிற்கிறது. திண்ணை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. வாயிற்படியில் மூன்று இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்ற இருவரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள். அறையில் காற்றோட்டம் இல்லாததால் படியில் வந்து உட்கார்ந்தவர்கள்.

“ஐயா, யாரைப் பார்க்க வேண்டும்?” என்று ஒருவன் கேட்டான்.

“இங்கே ஒரு திண்ணை இருந்தது, தம்பி. அதைப் பார்க்க வந்தேன்” என்றேன்.

அவர்கள் சிரிக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். முதியவரையும் அவருடைய மூன்று கேள்விகளையும் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் பேசினோம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன் கடைசியில் சொன்னான்: “முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடிவிடலாம், ஐயா. மூன்றாவதை எங்கே போய்ப் பேசுவது? பத்துப் பேர் கடற்கரையில் கூடிப் பேசினால் போலீஸ் வந்துவிடுமே.”

அவன் சொன்னது மிகையன்று. 2017-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானோர் மெரினாவில் திரண்டதை உலகம் கண்டது. அடுத்த வருஷத்தில் காவிரி விஷயமாக ஒரு நாள் உண்ணாவிரதம் இருப்பதற்கு ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர் அனுமதி அளிக்க, இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அதை ரத்து செய்தது. கடற்கரையின் சுத்தமும் போக்குவரத்தும் அமைதியும் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் அந்நிய சர்க்கார் தடியால் கலைக்க முயன்றும் ஓயாத குரலுக்கு, சுதந்திர நாட்டில் ஒரு முழம் மணலும் இல்லையென்றால் அது நியாயமாகுமா?

பாரதியார் தம் கடைசி நாட்களில் வசித்து, 1921-ல் உயிர் நீத்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டைத் தமிழ்நாடு சர்க்கார் 1993-ல் வாங்கி நினைவில்லமாக்கியது. மெச்சத்தக்க காரியம். ஆனால் கவியின் வீட்டைச் சுவரெழுப்பிக் காப்பது சுலபம். அவர் பேசிய தெருவின் பேச்சைக் காப்பதே கடினம். முன்னதைச் சர்க்கார் செய்யலாம். பின்னதை நாமே செய்ய வேண்டும்.

செய்ய வழியில்லாமலில்லை. கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல, நகரங்களிலும் வார்டு கமிட்டிகளும் பகுதி சபைகளும் அமைப்பதற்கு 2022-ல் விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அச்சபைகள் பெயரளவில் நின்றுவிடாமல், முன்கூட்டியே தெருவெல்லாம் அறிவிக்கப்பட்டு, திறந்த இடத்தில், மேன்ஷனில் வாடகைக்கு இருக்கும் வாலிபனும் வந்து பேசும்படி நடைபெற வேண்டும். பேட்டைக்கொரு படிப்பகம் வேண்டும். கடற்கரையில் ஒரு பகுதியையாவது, தக்க நிபந்தனைகளுடன், பொதுக்கூட்டங்களுக்கென ஒதுக்கித் தருமாறு பொதுஜனங்கள் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டும். தேசத் தொண்டர்களென்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம், தேர்தல் காலத்தில் மட்டும் தெருவுக்கு வந்து, மற்ற நாட்களில் மறந்துவிடுவது தகுமா?

இடிந்த திண்ணை மீண்டும் எழாது. எழ வேண்டுமென்பதும் நம் கோரிக்கையன்று. அந்த மூன்று இளைஞர்கள் வாயிற்படியைத் தாங்களாகவே திண்ணையாக்கிக் கொண்டிருக்கிறார்கள். முதியவரின் மூன்றாவது கேள்வியை அவர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அன்று மாலை என்னிடம் பதில் இல்லை. நேயர்கள் தத்தம் பேட்டையில், நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் தேடுவார்களென்று நம்புகிறேன்.