பட்டத்தில் யார் முத்திரை?

பிளஸ் டூ முடிவு வந்ததும் வீட்டில் முதலில் பேச்சாவது கல்லூரியின் பெயர்தான். பட்டத்தைத் தரப்போவது யார் என்று கேட்பவர்கள் குறைவு.

சென்னை லயோலா கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1978 முதல் அது தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டம் வகுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் கல்லூரியே. ஆனால் பட்டச் சான்றிதழில் இருப்பது 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் தேர்வும்கூடப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

தஞ்சாவூர் சாஸ்த்ரா, வேலூர் விஐடி போன்றவை வேறு வகை. இவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு தந்த தகுதியால் தாமே பட்டம் வழங்குகின்றன. பெயரோடு 'பல்கலைக்கழகம்' என்று மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது என 2017-ல் யுஜிசி உத்தரவிட்டது. பெற்றோர் குழம்பிப்போகும் இடம் இது என்பதால், அந்த உத்தரவு சரியானதே.

பணம் கட்டும் வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரிது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் நிரப்பப்படும். கட்டணத்துக்கு அரசு அமைத்த குழு வரம்பு வைக்கும். நிகர்நிலை நிறுவனங்கள் அந்தக் கலந்தாய்வில் வருவதில்லை.

ஐஐடி இன்னொரு வகை. பட்டம் வழங்கும் அதிகாரத்தை அதற்கு நாடாளுமன்றச் சட்டமே தருகிறது. அதன் பட்டத்துக்கு வேறு பல்கலைக்கழகம் தேவையில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன், யுஜிசி இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.