விரும்பி எழுதும் அறிக்கையில் நாங்கள் எங்கே?

லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் எம்மவர்களிடமும், புறநகர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எங்களிடமும் இப்போது ஒரு புதுச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது. பிரெஞ்சில் 'துராபிலித்தே' என்கிறார்கள். நாளைக்கும் மிச்சம் வைத்துத் தொழில் செய்வது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஒரு நிறுவனம் எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் செலவழிக்கிறது, எவ்வளவு குப்பை போடுகிறது, வேலையாட்களை எப்படி வைத்திருக்கிறது என்பதை வருடத்துக்கு ஒருமுறை எழுதி வைப்பது அதன் அறிக்கை.

பெரிய இடத்து விடயம், எமக்கென்ன என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்தக் கடதாசியில் ஒரு பகுதி எங்களைப் பற்றியது. நாங்கள் எத்தனை பேர், எங்களுக்கு எப்படிப்பட்ட கொன்ரா, வருடத்தில் எத்தனை பேர் காயப்பட்டோம் என்றெல்லாம் அதில் கேள்வி உண்டு. எம்மைப் பற்றி எழுதப்படுவதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

எங்களில் ஒருவரின் மகள் லிசேயில் படிக்கிறார். அவர் பிரெஞ்சை வாசித்துச் சொல்ல, நாங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடியிருந்து விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், பெரிய நிறுவனங்கள் இந்த அறிக்கையைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் பிரான்ஸ் அதைத் தன் சட்டத்தில் சேர்த்தது. பெரியவர் தன் கணக்கை எழுத வெளிக்கிட்டால், தனக்குச் சாமான் கொடுக்கும் சின்னவரைக் கேட்காமல் எழுத முடியாது. ஒரு சுப்பர்மார்க்கெற் ஒருவிதமாகக் கேட்கும், வங்கி இன்னொருவிதமாகக் கேட்கும். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் இதற்கெல்லாம் பதில் எழுத ஆளுக்கு எங்கே போவது? ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரே படிவம் செய்தார்கள். ஐரோப்பாவில் கணக்கு விதிகள் பற்றி ஆலோசனை சொல்லும் 'எஃப்ராக்' என்ற அமைப்பு 2024 டிசம்பரில் அதை முடித்துக் கொடுத்தது. 2025 ஜூலை 30இல் ஐரோப்பிய ஆணைக்குழு, சிறிய நடுத்தர நிறுவனங்கள் இதைப் பாவிக்கலாம் என்று பரிந்துரை செய்தது. சுருக்கப் பெயர் வி.எஸ்.எம்.இ.

இது கட்டாயம் அல்ல. எழுதாவிட்டால் தண்டம் இல்லை. எழுதினாலும் கணக்காய்வாளர் வந்து சரிபார்க்க வேண்டும் என்று இல்லை. பெரியவர்களுக்கான சட்டத்தையே பின்னர் குறைத்துவிட்டார்கள். 1,000 பேருக்கு மேல் ஊழியரும் 45 கோடி யூரோவுக்கு மேல் வியாபாரமும் உள்ளவர்களுக்கு மட்டும் என்று 2025 டிசம்பரில் உடன்பாடு கண்டார்கள். அதே உடன்பாட்டில் சின்னவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. இந்தப் படிவத்தில் உள்ளதற்கு மேலாகப் பெரிய நிறுவனம் எதையாவது கேட்டால், தரமாட்டேன் என்று சொல்லலாம்.

கடைக்காரர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 'நாங்கள் எழுதித் தருகிறோம்' என்று காசு கேட்டு யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். எஃப்ராக் அந்தப் படிவத்தை எக்செல் கோப்பாக இலவசமாகவே விட்டிருக்கிறது. அடிப்படைப் பகுதியில் 11 தலைப்புகள்தான். அதற்கு வேண்டிய பல கடதாசிகள் உங்கள் லாச்சியிலேயே கிடக்கின்றன: மின்சார பில், தண்ணீர் பில், குப்பை எடுப்பவரின் பற்றுச்சீட்டு. 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பிரான்சில் எல்லாக் கடைகளும் உணவகங்களும் மரக்கறிக் கழிவையும் சாப்பாட்டு மிச்சத்தையும் புறம்பாகப் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்கிறவர்களுக்குக் குப்பைக் கணக்கில் பாதி முடிந்த மாதிரி.

எங்களுக்கே புதினமாக இருந்தது குளிர்ப்பெட்டி. பலசரக்குக் கடை என்றால் மின்சாரம்தான் பெரிய பிழை என்று நினைத்திருந்தோம். பிரான்சின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணு உலையிலிருந்து வருவதால் அதில் கரியமில வாயு குறைவு. ஆனால் பழைய குளிர்ப்பெட்டிகளில் உள்ள ஆர் 404 ஏ என்ற வாயு ஒரு கிலோ ஒழுகினால், அது சுமார் 3,900 கிலோ கரியமில வாயு செய்யும் கேட்டைச் செய்யும். மீனும் இறைச்சியும் வைக்கும் பெட்டிக்கு வருடத்தில் எத்தனை கிலோ வாயு நிரப்பினார்கள் என்று திருத்துபவரின் பில்லில் இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். ஒழுக்கை அடைத்தால் காசும் மிச்சம்.

இனி எங்கள் பகுதிக்கு வருவோம். அடிப்படைப் பகுதியின் 8ஆம், 9ஆம், 10ஆம் தலைப்புகள் வேலையாட்களைப் பற்றியவை. நிரந்தரக் கொன்ராவில் எத்தனை பேர், தற்காலிகக் கொன்ராவில் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பது முதல் கேள்வி. அடுத்தது வேலைத்தல விபத்துகள். எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது, விகிதமும் எழுத வேண்டும். விபத்துகளின் தொகையை எல்லோரும் வேலை செய்த மொத்த மணித்தியாலத்தால் பிரித்து 2,00,000ஆல் பெருக்குவார்கள். 40 பேர் ஆளுக்கு 1,600 மணி என்றால் 64,000 மணித்தியாலம். இரண்டு விபத்து நடந்தால் விகிதம் 6.25. அதாவது முழுநேரம் வேலை செய்யும் நூறு பேரில் ஆறு பேருக்குச் சற்று மேல். பத்தாம் தலைப்பில், எல்லோருக்கும் சட்டம் சொல்லும் ஆகக் குறைந்த சம்பளமாவது கிடைக்கிறதா, ஆளுக்கு எத்தனை மணித்தியாலம் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் எத்தனை வீதம் பேர் என்றும் கேட்கிறார்கள். அந்தக் கூட்டு ஒப்பந்தத்தின் பெயர் உங்கள் சம்பளச் சீட்டில் கட்டாயம் அச்சிட்டிருக்கும். புதிதாக வந்தவர்கள் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். விடுமுறை, இரவு வேலைக் கொடுப்பனவு எல்லாம் அந்தப் பெயரில்தான் தங்கியிருக்கிறது.

நல்ல கேள்விகள்தான். ஆனால் இதில் யார் கணக்கில் வருகிறார்கள்? நாங்கள் நிற்கும் பொதி செய்யும் வரிசையில் பன்னிரண்டு பேர். நிறுவனம் நேரே சம்பளம் கொடுப்பது ஐந்து பேருக்கு. மற்ற ஏழு பேரும் அன்ரெறிம் ஏஜென்சி அனுப்புகிறவர்கள். இந்த ஏழில் நாலு பேர் தமிழர், அதிலும் மூன்று பேர் வந்து இரண்டு வருடம் ஆகாதவர்கள். ஒரே மேசை, ஒரே கத்தி, ஒரே குளிர். அடிப்படைப் பகுதியில் எண்ணப்படுவது நிறுவனத்தின் சொந்த ஊழியர். ஏஜென்சி ஆட்களைப் பற்றிய வரி இரண்டாவது, விரிவான பகுதியில்தான் வருகிறது. அதுவும் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் விரும்பினால் சொல்லலாம் என்று. ஆக, விருப்பமான அறிக்கையின் விருப்பமான பகுதியில் விருப்பமான ஒரு வரி. புதிதாக வந்த எம்மவர் பெரும்பாலும் நிற்பது அந்த வரியில்தான். இது சரியில்லை என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்றும் கவனித்தோம். ஒரு தலைப்பை எழுதாமல் விட்டால், அது அந்த நிறுவனத்துக்குப் பொருந்தாது என்றே எடுத்துக்கொள்ளப்படும். சின்ன நிறுவனத்துக்குச் சுமை குறைய என்று வைத்த விதி. ஆனால் வெற்று இடத்தைப் பார்ப்பவருக்கு, ஒன்றும் நடக்கவில்லையா, நடந்ததை எழுதவில்லையா என்று எப்படித் தெரியும்? பதினோராம் தலைப்பு லஞ்ச ஊழலுக்காகத் தீர்ப்பும் தண்டமும் பெற்றீர்களா என்று கேட்கிறது. கொடுக்காத ஓவர்ரைம் காசுக்காகத் தண்டம் கட்டினீர்களா என்று கேட்கவில்லை.

நல்ல கடதாசியும் நல்ல தொழிற்சாலையும் ஒன்றல்ல என்பதற்கு எங்கள் பக்கத்து நாடுகளில் உதாரணம் உண்டு. 2012 செப்டெம்பர் 11இல் கராச்சியில் 'அலி என்டர்பிரைசஸ்' என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். யன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகள் பூட்டு. அதற்குச் சில கிழமைகளுக்கு முன்தான், வேலையாட்களை நன்றாக நடத்துகிறது என்று எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்திருந்தது. அதுவும் விரும்பிப் பெறும் சான்றிதழ்தான். அடுத்த வருடம், 2013 ஏப்ரல் 24இல், டாக்காவுக்குப் பக்கத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பிரான்ஸ் 2017 மார்ச்சில், பெரிய நிறுவனங்கள் தமக்கு வேலை செய்து கொடுப்பவர்களின் இடங்களையும் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டது.

அதற்காக இந்தப் படிவம் வீண் என்று சொல்ல மாட்டோம். முதலாளி ஒருவர் விபத்து எண்ணிக்கையைத் தன் கையால் எழுதி, சாமான் வாங்குபவருக்கு அனுப்பினால், அடுத்த வருடம் அதைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற யோசனை வரும். குறைப்பதற்கு இரண்டு வழி உண்டு. கத்திக்கு உறை போடுவது ஒன்று. வெட்டுப்பட்டவனை 'வீட்டில் நடந்தது என்று சொல்லு' என்று அனுப்புவது மற்றது. இரண்டாவது வழியை அடைக்க எங்களால் முடியும். அதற்கு ஐரோப்பியப் படிவம் தேவையில்லை, பிரெஞ்சுச் சட்டம் போதும்.

வேலைத்தலத்தில் காயப்பட்டால் 24 மணித்தியாலத்துக்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். முதலாளி 48 மணித்தியாலத்துக்குள் நோய்க் காப்புறுதிக் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும். ஏஜென்சி மூலம் வேலை செய்பவர் ஏஜென்சிக்கும் வேலைத்தலத்துக்கும் இரண்டு பக்கமும் சொல்லட்டும். வேலைத்தலம் 24 மணித்தியாலத்துக்குள் ஏஜென்சிக்கு அறிவிக்க, ஏஜென்சி காப்புறுதிக்கு அறிவிக்கும். வாயால் சொன்னதோடு நிற்காமல் ரெலிபோனில் ஒரு செய்தியாகவும் அனுப்பி வையுங்கள், நேரமும் திகதியும் அதில் பதிந்திருக்கும்.

ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் ஒவ்வொரு வேலைத்தலத்திலும் ஆபத்துகளை எழுதிய ஆவணம் இருக்க வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டிலிருந்து சட்டம். பிரெஞ்சில் 'தொக்குமோன் யுனீக்' என்பார்கள். லாச்சப்பல் உணவகத்தின் குசினிக்கும் அது உண்டு. அதைப் பார்க்க ஊழியருக்கு உரிமை இருக்கிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் ஒவ்வொரு பிரதியையும் 40 வருடம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் எங்கள் இடத்தில் அதைக் கேட்டோம். இரண்டு கிழமை கழித்துக் காட்டினார்கள். பொதி செய்யும் வரிசைக்கு என்று அரைப் பக்கம் இருந்தது. அதில் கத்தி இருந்தது, குளிர் இல்லை. அதைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம், ஏஜென்சி ஆட்கள் ஏழு பேரும் சேர்த்து.