ஊசிக்கு முன் எழும் அச்சம்

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டம் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தொட்டு நிற்கும் பகுதியில், மாநில எல்லை பல இடங்களில் கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. பாறசாலை, இஞ்சிவிளை, வெள்ளறடை, பொழியூர் ஆகிய ஊர்களின் மக்கள் களியக்காவிளைச் சந்தையில் பொருள் வாங்குகின்றனர். மார்த்தாண்டம் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றனர். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. உறவுகளோ இரு பக்கமும் பரவிக் கிடந்தன. ஆகவே 2021ஆம் ஆண்டில் கொரோனாவின் டெல்டா திரிபு பரவியபோது, இப்பகுதி மக்களைத் தடுப்பூசி பற்றிய செய்திகளும் வதந்திகளும் இரண்டு அரசுகளின் வழியாக, இரண்டு மொழிகளில், ஒரே நேரத்தில் வந்தடைந்தன.

திரிபு என்பது வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அதன் மரபுக் குறியீட்டில் நேரும் பிழைகளின் விளைவு. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் நிகழ்வதில்லை; எப்போதாவது ஒரு பிழை வைரஸுக்கு ஆதாயமாக அமைந்து, அது வேகமாகப் பரவவோ நோய் எதிர்ப்பிலிருந்து ஓரளவு தப்பவோ உதவுகிறது. டெல்டா முதலில் இந்தியாவில் கண்டறியப்பட்டது. 2021 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் அதைக் கவலைக்குரிய திரிபுகளின் பட்டியலில் சேர்த்தது. அப்போது எழுந்த கேள்வி நியாயமானதே: பழைய வைரஸைக் கொண்டு உருவாக்கிய ஊசி புதிய திரிபைத் தடுக்குமா? உடலின் பாதுகாப்பு ஒரே அடுக்கினால் ஆனதன்று என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது. வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் வெளி அடுக்கு; தொற்றிய செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் டி செல்கள் உள் அடுக்கு. வைரஸ் தன் வெளித்தோற்றத்தைச் சற்று மாற்றிக்கொண்டால் முதல் அடுக்கு தளர்கிறது, ஆனால் வைரஸின் பல பகுதிகளை நினைவில் வைத்திருக்கும் இரண்டாம் அடுக்கு அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் வழங்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு ஊசி, டெல்டாவால் வரும் அறிகுறியுள்ள நோயை ஒரு தவணையில் ஏறத்தாழ 30 விழுக்காடும் இரு தவணைகளில் 67 விழுக்காடும் தடுத்ததாகவும், மருத்துவமனையில் சேரும் நிலையை இரு தவணைகள் 92 விழுக்காடு வரை தடுத்ததாகவும் பிரிட்டனின் தரவுகள் காட்டின. ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வந்ததே என்று கேட்டோர் கண்டது உண்மைதான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனைக்குப் போகாமலேயே தேறினர் என்பது அந்த உண்மையின் மறுபாதி.

அந்த ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய குருதி ஆய்வில், நாடு முழுவதும் சராசரியாக 67.6 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் காணப்பட, கேரளத்தில் 44.4 விழுக்காட்டினரிடமே அது இருந்தது. முந்தைய அலைகளில் தொற்றைக் கட்டுக்குள் வைத்திருந்ததன் பயனாகவே இந்த எண் குறைந்திருந்தது. அதே காரணத்தால், டெல்டா வந்தபோது கேரள மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் காப்பின்றி நின்றனர். தடுப்பூசி எவ்வளவு விரைவில் கையில் ஏறுகிறது என்பது பல உயிர்களைத் தீர்மானிக்கும் நிலை அது.

ஆயினும் மக்கள் தயங்கினர். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது தவறு. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் தறியில் அமர்பவருக்கும் ஊசிக்குப் பின் வரும் ஒரு நாள் காய்ச்சல் என்பது ஒரு நாள் கூலி இழப்பு. முதியவர்களுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கும்போது ஊசி ஏற்குமா என்ற கவலை. இவற்றோடு 2021 ஏப்ரலில் நடிகர் விவேக்கின் மறைவும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு, 17ஆம் தேதி காலமானார். தமிழ் பேசும் வீடுகளெங்கும், எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், அந்தச் செய்தி ஆழமாக இறங்கியது. ஊசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, அவருடைய மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தபோது அக்டோபர் வந்துவிட்டது. இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்டில், ஊசி இல்லாவிட்டாலும் அந்த வாரத்தில் மாரடைப்பு வந்திருக்கக்கூடிய சிலர் அவர்களுக்குள் இருந்தே தீருவர். ஒன்றன் பின் ஒன்று நிகழ்வதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. இந்த விளக்கம் ஆறு மாதம் கழித்து வந்ததுதான் வருந்தத்தக்கது. அச்சம் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

அச்சம் உடலில் செய்யும் வேலையும் மக்களுக்குச் சொல்லப்பட வேண்டிய ஒன்று. ஊசியைக் கண்டதும் சிலருக்கு இதயத் துடிப்பு முதலில் ஏறிப் பின் திடீரென இறங்குகிறது; இரத்தக் குழாய்கள் விரிகின்றன; மூளைக்குச் செல்லும் இரத்தம் சில நொடிகள் குறைவதால் வியர்த்து, கண் இருண்டு, மயக்கம் வருகிறது. இது மருந்தின் விளைவன்று, ஊசி குத்தும் முன்பேகூட இது நிகழ்வதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் இதைத் தடுப்பூசியோடு தொடர்புடைய மன அழுத்த எதிர்வினை என்று வகைப்படுத்தி, வரிசையில் ஒருவர் மயங்கினால் அதைப் பார்த்த அடுத்தவர்களும் மயங்கக்கூடும் என்று எச்சரித்துள்ளது. காத்திருப்போர் கண்ணில் ஊசி போடும் இடம் படாமல் ஒரு திரையைக் கட்டிவைப்பது அதனால்தான் பொருளுள்ள ஏற்பாடு. மயக்கம் வரும் வழக்கமுள்ளவர் முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லிவிட்டுப் படுத்த நிலையில் போட்டுக்கொள்ளலாம். கால், வயிற்றுத் தசைகளைச் சில நொடிகள் இறுக்கி, தளர்த்தி, மீண்டும் இறுக்கினால் இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும்.

எதிர்பார்ப்பே நோவைத் தருவதும் உண்டு. கொரோனாத் தடுப்பூசிகளின் 12 பரிசோதனைகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தே இல்லாத போலி ஊசியைப் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினர் முதல் தவணைக்குப் பின் தலைவலி, களைப்பு போன்ற தொல்லைகளைத் தெரிவித்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வலி உண்மையாகவே உணரப்பட்டது. உடல்வலி வரலாம், காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும், பாராசிட்டமால் போதும் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர், வந்த காய்ச்சலைக் கண்டு மிரள்வதில்லை.

அதே நேரத்தில், அரிதான உண்மை ஆபத்தை மறைத்து அச்சத்தைப் போக்க முயல்வது நம்பிக்கையைக் கெடுக்கும். கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பின், தட்டணுக்கள் குறைந்து இரத்தம் உறையும் ஒரு நிலை மிகச் சிலருக்கு வந்தது. இந்தியாவில் பத்து இலட்சம் தவணைகளுக்கு 0.61 என்ற அளவில் இரத்தம் உறைதல், இரத்தக்கசிவு நேர்வுகள் பதிவானதாகத் தேசியக் குழு 2021 மே மாதத்தில் தெரிவித்தது. பிரிட்டனில் அது 4, ஜெர்மனியில் 10 என்று அக்குழுவே குறிப்பிட்டது. 2024இல் பிரிட்டன் நீதிமன்றத்தில் அந்த ஊசியை உருவாக்கிய நிறுவனம் இதை ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும் இந்திய வீடுகளில் பழைய கலக்கம் திரும்பியது. ஊசிக்குப் பின் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வரும் பாதிப்பு அது என்பதையும், 2021இலேயே அது பொதுவெளியில் பேசப்பட்டது என்பதையும் அறிந்திருந்தால், மூன்று ஆண்டுகள் கழித்துத் தூக்கம் கெடுவதற்குக் காரணம் இருந்திராது.

கர்ப்பிணிகளின் கவலை தனிக் கவனத்துக்குரியது. 2021 ஜூலை 2 அன்றுதான் இந்திய அரசு கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி வழங்க ஒப்புதல் அளித்தது; கேரள அரசு பின்னர் மாத்ருகவசம் என்ற பெயரில் அவர்களுக்கான இயக்கத்தைத் தொடங்கியது. ஒப்புதல் வந்த சில நாட்களிலேயே, ஜூலை 8 அன்று, பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்கு ஜிகா தொற்று இருப்பது தெரியவந்தது. கேரளத்தில் உறுதியான முதல் ஜிகா நேர்வு அது. கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய, கொசுவால் பரவும், தடுப்பூசியே இல்லாத ஒரு வைரஸ் பக்கத்துத் தெருவரை வந்துவிட்ட அந்த வாரத்தில், கொரோனா ஊசி குழந்தைக்குத் தீங்கா என்று ஒரு தாய் நடுங்கியதைக் குறைசொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஒன்றுக்குக் கொசுவை ஒழிப்பதும் மற்றதற்கு ஊசியும் வழி என்று பிரித்துச் சொல்ல, அந்தத் தாய்க்கு அறிமுகமான ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த அறிமுகமானவர்களாக இருந்தோர் ஆஷா பணியாளர்களும், துணை மையங்களின் இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியர்களும், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும். தடுப்பூசிக்கான கோவின் பதிவுத் தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கியது; இந்திய மொழிகள் அதில் சேர 2021 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலையாளத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் தமிழ் முதியவருக்கு, கைப்பேசியில் வரும் ஒருமுறை எண்ணைப் பார்த்துச் சொல்வதுகூட அடுத்த வீட்டுப் பெண் செய்ய வேண்டிய உதவியாயிற்று. கேரளச் செவிலியர்களின் கைத்திறனுக்கு ஒரு கணக்கே சான்று: பத்துத் தவணைக்கான குப்பியில் வீணாகும் என்று கருதிக் கூடுதலாகச் சேர்க்கப்படும் சில துளிகளையும் சிந்தாமல் எடுத்து, ஒரு குப்பியிலிருந்து பதினோராவது அரை மில்லிலிட்டரையும் அவர்கள் பெற்றனர். 2021 மே மாதத் தொடக்கத்தில், வந்து சேர்ந்த 73,38,806 தவணைகளைக் கொண்டு 74,26,164 தவணைகள் போடப்பட்டிருந்தன. ஒரு துளியையும் வீணாக்காத அந்தக் கையை நம்பி அஞ்சியவர்களும் தோளைக் காட்டினர்.

இந்த நிலத்துக்கு இப்படியொரு முன்வரலாறும் உண்டு. எட்வர்டு ஜென்னர் 1796இல் கண்டறிந்த பெரியம்மைத் தடுப்பு முறை, ராணி கௌரி லக்ஷ்மிபாயின் ஆட்சியில், 1813 வாக்கில், திருவிதாங்கூரில் அறிமுகமானது. வைசூரி என்றாலே தெய்வக் குற்றம் என்று நடுங்கிய மக்கள், அம்மை குத்துவதைக் கண்டு அதைவிட நடுங்கினர். அவர்களின் பயத்தைப் போக்க ராணியும் அவர் குடும்பத்தாரும் முதலில் அம்மை குத்திக்கொண்டனர். பின்னர் 1879இல் வந்த அரசாணை, அரசு ஊழியர், மாணவர், கைதிகள் முதலிய பிரிவினருக்கு அதைக் கட்டாயமாக்கியது. முன்மாதிரி முதலில், கட்டாயம் பின்னர் என்ற அந்த வரிசை கவனிக்கத்தக்கது.

2021இல் கட்டாயம் வேறு வடிவில் வந்தது. ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருவோர் தொற்றில்லை என்ற ஆர்டி-பிசிஆர் சான்றையோ இரு தவணை ஊசிச் சான்றையோ காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரு மாநிலப் பேருந்துகள் எல்லை கடந்து மீண்டும் ஓடத் தொடங்கியது டிசம்பர் 1 அன்றுதான். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சாவு வீட்டுக்கும் எல்லை தாண்ட வேண்டியவர்களைச் சான்றிதழ் ஊசி மையத்துக்கு அனுப்பியது என்னவோ உண்மை. ஆனால் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டதால் போட்டுக்கொண்டவரின் மனத்தில் அச்சம் அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்த தவணையின்போது அது மீண்டும் தலைதூக்கும். நோய்த்தடுப்புத் துறைகள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

திரிபுகள் டெல்டாவோடு நிற்கவில்லை. 2023 டிசம்பரில் ஜேஎன்.1 என்ற திரிபு கேரளத்தில் உறுதியானது இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் கரகுளத்தில். இனியும் புதிய பெயர்கள் வரும். அப்போது ஊசிக்கு அஞ்சுவோர் அந்த அச்சத்தை மறைக்காமல், தங்கள் ஊர்ச் செவிலியரிடமோ ஆஷா பணியாளரிடமோ தங்கள் மொழியில் சொல்லிக் கேட்டுத் தெளிய வேண்டும். வெறும் வயிற்றோடு போகாமல், ஒவ்வாமையும் தொடர்ந்து உண்ணும் மருந்துகளும் இருந்தால் அவற்றை முன்பே தெரிவித்து, ஊசிக்குப் பின் அரை மணி நேரம் மையத்திலேயே அமர்ந்திருக்க வேண்டும். வீட்டில் அஞ்சுபவர் ஒருவர் இருந்தால், அவரைக் கேலி செய்யாமல், அவருக்கு முன் தன் தோளைக் காட்டி ஊசி போட்டுக்கொள்வது அந்த வீட்டில் மூத்தவரின் பொறுப்பு.