பனங்கிழங்குக் கணக்கு

தை மாதம். பனமரத்துப்பட்டி டீக்கடை. பக்கத்துத் தள்ளுவண்டியில் பனங்கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது. டீயோடு ஒரு கிழங்கும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய கேள்விக்கு அது உதவும். காடு தன் வளர்ச்சியில் எவ்வளவை மேலே மரமாக்குகிறது, எவ்வளவை மண்ணுக்குள் வேராக்குகிறது?

பனங்கொட்டையைப் புதைத்தால் முதலில் எதுவும் மேலே வராது. குழாய்போல ஒன்று கீழே இறங்கும். கருவும் அதன் வழியே மண்ணுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு, கொட்டையிலிருந்த சத்தைக் கிழங்காகச் சேர்த்துவைக்கும். கிழங்கை இரண்டாகப் பிளந்தால் நடுவில் மெல்லிய குருத்து தெரிகிறதல்லவா? வெளியே தலைகாட்ட வேண்டியது அதுதான். சுற்றியிருக்கும் மாவுச்சத்து முழுவதும் அதற்கான முன்பணம். தாவரவியல்படி கிழங்கு வேர் ஆகாது. ஆனால் வறண்ட நாட்டுச் செடியின் புத்தி அதில் தெரிகிறது: முதலில் அடியைப் பார், பிறகு முடியைப் பார்.

மரத்தின் வருமானம் இலையில் சமைக்கும் சர்க்கரை. அதை வைத்துத்தான் இலை, தண்டு, வேர் எல்லாம் வளர வேண்டும். வெயிலும் காற்றும் மேலே கிடைக்கின்றன. தண்ணீரும் உப்புச்சத்தும் கீழே. எது தட்டுப்பாடோ, அந்தப் பக்கம் செலவு கூடும். குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் மாடி கட்டுவார்களா, கிணறு வெட்டுவார்களா? 1960களின் தொடக்கத்தில் பிரவுவர் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் இதை முறையாக விளக்கினார். வேரை நறுக்கினால் செடி வேருக்கு முந்துகிறது. இலையைக் கிள்ளினால் இலைக்கு முந்துகிறது. கொஞ்ச நாளில் இரண்டும் பழைய விகிதத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

இதை நம் பக்கத்து மலைகளில் வைத்துப் பாருங்கள். ஏற்காட்டுச் சோலையில் மழையும் மூடுபனியும் உண்டு. அங்கே போட்டி வெளிச்சத்துக்கு. அடர்ந்த நிழலில் முளைத்த கன்று அண்ணாந்து ஓடித்தான் பிழைக்கும். ஜருகுமலை மாதிரியான அடிவாரச் சரிவுகளில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. பங்குனி, சித்திரையில் பஞ்சமெல்லாம் ஈரத்துக்குத்தான். அதனால் செலவு வேர்ப்பக்கம் கூடும். இந்தப் பக்கத்து வறண்ட காடுகளில் ஆள் உயரத்தைத் தாண்டாத அரப்பு மரத்தைப் பார்த்து, இளங்கன்று என்று எண்ணிவிடக் கூடாது. வெட்டும் ஆட்டு மேய்ச்சலும் தீயும் அதன் தலையைப் பல முறை எடுத்திருக்கலாம். வேரின் வயது வேறு, கிளையின் வயது வேறு.

எண்ணிலும் இது தெரிகிறது. காடுகளின் கரிமத்தைக் கணக்கிட ஐ.நா.வின் காலநிலைக் குழு 2006இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வெப்பமண்டல வறண்ட காட்டில் ஹெக்டேருக்கு 20 டன்னுக்கு மேல் மரம் நின்றால், நிலத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு 100 கிலோவுக்கும் வேர் 28 கிலோ என்கிறது அது. 20 டன்னுக்குக் கீழே இருந்தால் வேர் 56 கிலோ. இரண்டும் ஈரம் போக உலர்ந்த எடை. மேலே இளைத்த காட்டுக்கு அடியில் பங்கு இரட்டிப்பு.

இப்படி ஒரு விகிதம் எதற்கு என்றால், வேரைத் தோண்டி எடைபோடுவது அவ்வளவு பாடு. ஒரு மரத்துக்கே நாள்கணக்கில் ஆகும். தோண்டும்போதே மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணோடு போய்விடும். அதனால் மார்பளவில் மரத்தின் சுற்றளவை அளந்து, மேல் எடையைக் கணித்து, விகிதத்தால் பெருக்கி வேரை அனுமானிப்பது வழக்கம்.

இங்கே ஒரு நுணுக்கம். இருப்பு வேறு, செலவு வேறு. தடித்த வேர் பல்லாண்டு இருக்கும். தண்ணீர் உறிஞ்சும் நூல்வேர்கள் அப்படியல்ல. வளரும், சாகும், மறுபடி வளரும். தடித்த வேர் சேர்த்துவைத்த நகை என்றால், நூல்வேர் மாதாமாதம் வாங்கும் மளிகை. இன்றைக்கு வீட்டில் இருக்கும் அரிசியை எடைபோட்டு, வருஷச் செலவைச் சொல்ல முடியாது. வேர் எடையை மட்டும் பார்த்தால், மரம் மண்ணுக்குள் செலவிடுவது குறைவாகவே தோன்றும்.

பக்கத்து பெஞ்சில் அரளித் தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். “அதுசரி தம்பி, ஏரியில சீமைக்கருவேலத்த வெட்ட வெட்டத் துளுக்குதே, அது எப்புடி?”

2,000 ஏக்கருக்கு மேல் பரந்த பனமரத்துப்பட்டி ஏரியைச் சொல்கிறார். விடை அதே கணக்குதான். வெட்டியது வட்டியை, முதல் கீழே இருக்கிறது. அடித்தண்டும் வேரும் சேரும் இடத்தில் உறங்கும் மொட்டுகள் வேரின் சேமிப்பை வாங்கிக்கொண்டு எழுந்துவிடும். அந்த இடத்தோடு பெயர்த்தெடுத்தால்தான் தீரும். இதே பேரினத்து மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில், ஒரு சுரங்கம் தோண்டியபோது, 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு ஆழமும் போக வேண்டியதில்லை என்பதே நமக்கு ஆறுதல்.

“அப்ப நான் நாத்துப் பண்ணையில உசரமான கன்னாப் பாத்து வாங்குறது?”

தேக்கு நடுபவர்களைக் கேளுங்கள் என்றேன். நாற்றைப் பிடுங்கி, மேலே இரண்டு விரற்கடை மட்டும் விட்டு, இலை தண்டு எல்லாவற்றையும் நறுக்கிவிட்டு, சாண் நீள வேர்க்குச்சியைக் கடப்பாறைக் குழியில் இறக்குவது வனத்துறையின் பழைய முறை. பார்த்தால் விறகுத்துண்டு. மழை விழுந்தால் துளிர்க்கும். சின்னப் பையில் வேர் சுருண்டு, தலை மட்டும் ஒல்லியாக உயர்ந்த கன்றை வறண்ட நிலத்தில் வைத்தால், தண்ணீர் கேட்க ஆயிரம் இலை, கொண்டுவர நாலு வேர் என்றாகிவிடும்.

பெரியவர் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். “இனிமே பையைத் தூக்கி அடியப் பாத்துட்டுத்தான் வெல கேக்கணும்” என்றார்.