நூற்று நாற்பது மீட்டர்

ரயிலேறி ஊருக்குப் போகும் நமக்குக் கோலாலம்பூர் சென்ட்ரல் பழகிய இடம். 2001-இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தைத் தனியார் கூட்டமைப்பு ஒன்று கட்டியது. அதற்கு ஈடாகக் கிடைத்தது, சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தும் உரிமை. ஆக, அவர்களின் இலாபம் டிக்கெட்டில் இல்லை. அலுவலகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் கடைகளிலும்தான்.

2003 ஆகஸ்டு 31-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியது. வேறொரு தனியார் நிறுவனத்தின் 8.6 கிலோமீட்டர் பாதை அது. சுற்றுப்பயணிகள் குவியும் புக்கிட் பிந்தாங் வழியே செல்வது. அதன் கடைசி நிலையமோ துன் சம்பந்தன் சாலையில், சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 140 மீட்டர் தள்ளி நின்றது. இடையிலிருந்த நிலம் பேரங்காடிக்கு உரியது. அது எழும்வரை பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நடந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு இது தெரிந்த காட்சி. 2007-இல் அரசாங்கத்தின் பிரசரானா மோனோரயிலை ஏற்ற பின்னும் இடைவெளி நீடித்தது.

2014-இல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்ததும் குளிரூட்டிய பாதை கிடைத்தது. நன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், பதினோர் ஆண்டுகள் காத்திருந்தது பயணி. பாதை போவதோ கடைகளின் நடுவே. 2017-இல் எம்ஆர்டி வந்தபோது புக்கிட் பிந்தாங் நிலையத்தின் பெயருக்கு முன்னாலேயே ஒரு பேரங்காடியின் பெயர் ஏறிக்கொண்டது.