திரும்பி வருகிற செய்தி: குடுமியான்மலையிலிருந்து சில குறிப்புகள்

2025 ஜனவரி 17 அன்று திருமயம் பக்கத்தில் ஜகபர் அலி என்பவர் லாரி மோதி இறந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தின் சட்டவிரோதக் கல் குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்தவர். முதலில் விபத்து என்றார்கள். பிறகு அது கொலை வழக்கானது. குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். சில நாட்களுக்குத் தலைப்புச் செய்தி. ‘சமூக ஆர்வலர் கொலை’ என்ற மூன்று சொற்களுக்குள் எல்லாம் அடங்கிற்று. அப்புறம் வேறு செய்தி வந்துவிட்டது.

குடுமியான்மலையை நினைக்காமல் இந்தச் செய்தியை என்னால் வாசிக்க முடியவில்லை. அந்த ஊர் திருமயத்தில் இல்லை, அன்னவாசல் ஒன்றியத்தில் இருக்கிறது. கொலைக்கும் ஊருக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனால் இந்த மாவட்டத்தில் கல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு பக்கம் குடுமியான்மலையில் எழுதப்பட்டது. செய்தி அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. ஏன் புரட்டவில்லை, யார் புரட்ட முடியும் என்பதே என் விஷயம்.

1

குடுமியான்மலை என்றதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது இசைக் கல்வெட்டு. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், கிரந்த எழுத்தில், ஏழாம் நூற்றாண்டு என்று பொதுவாகக் கணிக்கப்படுவது. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன், இசை பயில்வோருக்காகச் செய்தது என்று அதுவே சொல்கிறது. அதைத் தவிர நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இந்த ஊரில் உண்டு. கொடுத்தவன், வாங்கியவன், விற்றவன் எல்லோருக்கும் கல்லில் பெயர் இருக்கிறது.

அதே ஊரில் இன்னொரு கல்லும் உண்டு: குவாரிக் கல். அதை உடைத்த பெண்களின் பெயர் எந்தப் பாறையிலும் இல்லை. ஆவணம் என்பது சும்மா கிடைப்பதல்ல. அதற்கு ஒருவர் செலவு செய்தாக வேண்டும். யார் செலவு செய்கிறார்களோ அவர்களுடைய காலமே ‘வரலாறு’ என்று மிஞ்சுகிறது. கல்வெட்டுக்குப் பொருந்தும் இந்த விதி செய்தித்தாளுக்கும் பொருந்தும்.

2

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் இருக்கிற கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே மேல் என்று சொன்னவர்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், ஆம்பிளையைக் கேட்க வேண்டாம். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அதுதான்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மாவட்டத்தின் பல குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. கூலிக்குக் கல் உடைத்தவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். வருமானம் கூடியது. கான்ட்ராக்டர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்தார்கள்.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர் பி. சாய்நாத். 1993இல் கிடைத்த ஒரு நல்கையைக் கொண்டு நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் சுற்றினார். புதுக்கோட்டை அவற்றில் ஒன்று. அந்தக் கட்டுரைகள் 1996இல் நூலாயின. சைக்கிள் கட்டுரையில் குடுமியான்மலைக் குவாரியும் வருகிறது. அங்கே கல் உடைத்துக்கொண்டே அறிவொளித் தொண்டராகவும் இருந்த ஒரு பெண், தங்களைப் போன்றவர்களுக்குச் சைக்கிள் ஏன் முக்கியம் என்று பேசுகிறார்.

ஆக, குவாரியைப் பெண்கள் கையில் வைத்திருந்த காலம் ஒன்று இதே மாவட்டத்தில் இருந்தது. கல் என்றால் கான்ட்ராக்டர், கிரஷர், லாரி என்பது இயற்கை நியதி அல்ல. 2025இன் செய்தியில் இந்த ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தால் அந்த மரணம் தனிமனிதத் துணிச்சலின் கதையாகச் சுருங்கியிருக்காது. ஒரு பொதுச் சொத்து கைமாறிய கதையின் பிந்தைய அத்தியாயமாக அது வாசிக்கப்பட்டிருக்கும்.

3

பழசைச் சொல்லச் செய்திக்கு இடமில்லையா? இடம் இருக்கிறது, லாபம்தான் இல்லை. செய்தி புதுசாக இருக்க வேண்டும். எதுவும் முன்கதை இல்லாததாகத் தோன்றினால்தான் புதுசு. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தபோது எல்லோரும் ‘திடீரென்று’ என்றார்கள். அவர்களை நகரத்துக்குத் துரத்திய பல ஆண்டுகள் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போயின.

அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். 1992இல் ஒரு மூதாட்டி மேல் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டியது. 1994இல் ஜூரி லட்சக்கணக்கான டாலர் இழப்பீடு தரச் சொன்னது. ‘காபி கொட்டிப் பணக்காரியானாள்’ என்று உலகம் முழுக்க நகைச்சுவை. 2013இல் ‘ரெட்ரோ ரிப்போர்ட்’ என்ற லாப நோக்கற்ற ஆவணப்பட நிறுவனம் அந்தச் செய்திக்குத் திரும்பிப் போனது. தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை வரை போன தீக்காயம். முதலில் அவர் கேட்டது 20,000 டாலர்தான். அதே காபியைப் பற்றி அதற்கு முன்பே 700 புகார்கள். நீதிபதி பின்னர் தொகையைப் பெருமளவு குறைத்தார். எதுவும் ரகசியம் இல்லை, எல்லாம் நீதிமன்றத்தில் வந்ததுதான். திரும்பிப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஃபூக்கோ ‘நிகழ்காலத்தின் வரலாறு’ என்று சொன்னதை நினைத்துக்கொள்ளலாம். பழசை அதன் பழமைக்காகத் தேடுவது வேறு. இன்று ‘இயல்பு’ என்று நிற்கும் ஒன்று எப்படி இயல்பாக்கப்பட்டது என்று கேட்பது வேறு. ஆவண இதழியல் செய்ய வேண்டியது இரண்டாவதை.

4

‘லாப நோக்கற்ற’ என்றதும் நம் சிறுபத்திரிகை வாசகருக்குச் சந்தேகம் வரும். வர வேண்டியதுதான். பணம் எங்கிருந்து என்று தன்னார்வக் குழுக்களைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். நல்கை கொடுப்பவர்களுக்கும் அரசியல் உண்டு. லாபம் வேண்டாம் என்று சொன்ன மாத்திரத்தில் ஒருவர் புனிதராகிவிடுவதில்லை.

ஆனால் கோடு அவ்வளவு நேராக இல்லை. சாய்நாத் 1993இல் பெற்ற நல்கை ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வுடையது; அக்மார்க் வணிகப் பத்திரிகை. அறிவொளியோ அரசுப் பணத்தில் நடந்தது. எனவே பணத்தின் மூலத்தோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: திரும்பி வர அனுமதி இருக்கிறதா? 2014 டிசம்பரில் சாய்நாத்தும் நண்பர்களும் தொடங்கிய ‘பாரி’ இதழாகவும் ஆவணக்காப்பகமாகவும் ஒருசேர இருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது, விளம்பரம் கிடையாது, வாசிக்கக் கட்டணம் கிடையாது, தமிழிலும் வருகிறது. நேற்றைய கட்டுரை அங்கே கழிவுத்தாள் ஆவதில்லை, நாளைய செய்திக்குப் பின்னணியாக நிற்கிறது.

நமக்கும் இந்த மரபு புதிதல்ல. உண்மை அறியும் குழு அறிக்கைகள் அதைத்தான் செய்தன. 1968 வெண்மணிக்குத் திரும்பிப் போன ‘ராமையாவின் குடிசை’ 2005இல் வந்தது; 37 ஆண்டு கழித்து ஒரு நிருபர் போகமாட்டார், ஓர் ஆவணப்படம் போனது. நம்முடைய குறை, எடுத்ததைப் பாதுகாக்காதது. எத்தனை அறிக்கைகள் இன்று யார் வீட்டுப் பரணில்?

5

திரும்பி வருதல் தன்னையும் கேள்வி கேட்க வேண்டும். சைக்கிள் கட்டுரை இந்தியில் பெயர்க்கப்பட்டு எட்டாம் வகுப்புப் பாடநூலில் பல ஆண்டுகள் இருந்தது. வடக்கே எத்தனையோ பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் பரீட்சை எழுதினார்கள். நல்லதுதான். ஆனால் பாடமான மறுகணம் அது ‘வெற்றிக்கதை’ ஆகி உறைந்துபோகிறது. சைக்கிள் போய்ச் சேர்ந்தது, குவாரிக் குத்தகை போய்ச் சேரவில்லை. பெண் சைக்கிள் ஓட்டுவதை எல்லோரும் பாராட்டலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பெண் கையில் குவாரி என்றால் ஒருவருக்கு நஷ்டம்.

போன வருஷம் குடுமியான்மலைக் கோயில் வாசலில், இளவயதில் கல் உடைத்த ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டேன்.

“வந்தாக. போட்டோ புடிச்சாக. பேப்பர்ல போட்டோம்னாக. எந்தப் பேப்பரு, யாரு கண்டா?”

“அதுக்கப்புறம்?”

“அப்புறம் யாரு தம்பி வர்றா? நீங்கதான் வந்துருக்கீக. நீங்க எந்தப் பேப்பரு?”

சிறுபத்திரிகை என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. அச்சானதும் ஒரு பிரதி கொண்டுவந்து வாசித்துக் காட்டுவதாகச் சொன்னேன். “நானே வாசிச்சுக்கிருவேன், அறிவொளில படிச்சவ நானு” என்றார்.

போக வேண்டும்.