பூங்காவில் நினைவுச் சின்னம். மறைந்து வரும் மொழி

புதுதில்லி: அந்தமான் தலைநகரின் அபெர்டீன் பகுதி, மணிக்கூண்டும் கடைவீதியுமாக எப்போதும் பரபரப்பாகக் காணப்படும். கடைகளில் இந்தி, வங்காளத்துடன் தமிழும் சரளமாக ஒலிக்கும். அங்கிருந்து சரிவில் இறங்கினால் கடலோரத்தில் மெரினா பூங்கா. மாலையில் குடும்பத்துடன் காற்று வாங்க வருவோர், எதிரே கடலில் ராஸ் தீவைக் காணலாம். 2018-இல் அத்தீவுக்கு நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டது.

பூங்காவையொட்டிய நீர் விளையாட்டு வளாகத்தில் உள்ள நினைவுச் சின்னத்தை நின்று பார்ப்போர் சிலரே. 1859 மே மாதம் நிகழ்ந்த அபெர்டீன் போரில் மாண்ட அந்தமான் பழங்குடியினருக்காக எழுப்பப்பட்டது அது.

1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் வந்த ஆங்கிலேயர், காடுகளை அழித்துக் குடியேற்றம் அமைத்தனர். தங்கள் நிலம் பறிபோவதைக் கண்ட பழங்குடியினர் வில், அம்புடன் திரண்டனர். தப்பியோடி ஓராண்டு காலம் அவர்களிடையே வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற கைதி, முன்கூட்டியே தகவல் தெரிவித்துவிட்டார். துப்பாக்கிகளின் முன் அம்புகள் தோற்றன. திவாரிக்குப் பின்னர் மன்னிப்பு வழங்கப்பட்டது.

போரைவிடக் கொடியவை, அதன்பின் பரவிய நோய்கள். 1877-இல் தட்டம்மை பலரைப் பலி கொண்டது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர், 1961 கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்தனர்; 2011-இல் 44 பேர். ஸ்ட்ரெய்ட் தீவு அவர்களுக்கான குடியிருப்பாக உள்ளது. 2004 ஆழிப்பேரலையில் உயிர் தப்பிய போவா என்ற மூதாட்டி, 2010 ஜனவரியில் காலமானார். 'போ' மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவரே.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்படுவதாக தில்லியில் அறிவிக்கப்பட்டது. காலனியாதிக்கச் சுவடுகளை அகற்றுவதே நோக்கம் எனக் கூறப்பட்டது. ஆயினும் கடைவீதியை மக்கள் இன்றும் அபெர்டீன் பஜார் என்றே அழைக்கின்றனர். அம்பேந்திப் போரிட்டவர்களின் போரும், நிலத்தைப் பறித்தவர்கள் சூட்டிய பெயராலேயே அறியப்படுகிறது.

சட்டப்பேரவை இல்லாத இத்தீவுகளுக்கு மக்களவையில் இருப்பது ஓர் உறுப்பினர் மட்டுமே. தீவுகளின் பெயர்களை தில்லி மாற்றலாம். ஆனால், அந்த மண்ணின் முதல் குடிகள் அக்கரையை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை அறிய, எஞ்சியிருப்போரின் மொழியைக் காப்பதே முதற்பணியாக இருக்க வேண்டும்.